கண்ணிற் பட்ட கீறல்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பகுதிகளிலே வைத்தியப் பணி புரிந்து ஓய்வு பெற்றவன் நான். விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, கல்லூரி நாட்களின் இனிய நினைவுகளை எழுதப் பலர் இருப்பர் என்று எண்ணி, என் தொழிலிற் கண்ட ஒரு சிறிய பொருளைப் பற்றி எழுதத் துணிந்தேன். சிறிய பொருள் என்றது அதன் அளவை நோக்கியே. ஓரிரு மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு கீறல் அது. அது கண்ணிலே படும்போது, இரண்டு நாளில் மாறிவிடுவதும் உண்டு. ஆயுள் முழுவதும் பார்வையை மறைப்பதும் உண்டு. எது நிகழும் என்பதைப் பெரும்பாலும் முதல் நாளிலே நாம் செய்வதும் செய்யாது விடுவதுமே முடிவு செய்கின்றன. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு பகுதியில் நான் கடமையாற்றிய காலத்தில், ஒரே மாதத்திற் கண்ட இருவரை நான் மறந்ததில்லை. முதலாமவர் கவ்வாத்து வெட்டும் இளைஞர். வெட்டிய வாது ஒன்று தெறித்து வலக்கண்ணிற் பட்டது. அன்று மதியமே வந்துவிட்டார். களிம்பிட்டு அனுப்பினோம். மூன்றாம் நாள் கண் தெளிந்து வேலைக்குப் போய்விட்டார். மற்றவர் கொழுந்து பறிக்கும் ஒரு தாய். குனிந்து கொழுந்தெடுக்கையிற் செடியின் நுனி இடக்கண்ணைக் கீறியது. அவர் வந்தது நான்காம் நாள். கண் சிவந்து வீங்கியிருந்தது. கருமணியின்மேல் வெண்புள்ளி ஒன்று தெளிவாகத் தெரிந்தது. “ஏனம்மா அன்றைக்கே வரவில்லை?” என்று கேட்டேன். “பாதியில வந்தா அரைப் பேருதான் போடுவாங்க ஐயா. கடையில ஒரு சொட்டு மருந்து குடுத்தாங்க, செவப்பு கொறஞ்சிச்சு, சரியாப் போயிடும்னு இருந்துட்டேன்” என்றார். அவரைக் கண்டிக்கு அனுப்பினோம். பல வாரச் சிகிச்சையின் பின் புண் ஆறியது. ஆயினும் அந்தக் கண்ணிற் பூ விழுந்துவிட்டது. இருவருக்கும் பட்ட கீறல் ஏறத்தாழ ஒன்றே. வேறுபட்டது காலமும், இடையில் இட்ட மருந்துமே.

கண்ணின் பலகணி

கண்ணின் கருமையான பகுதியைக் கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல மூடி நிற்பது விழிவெண்படலம். பெயரில் வெண்மை இருப்பினும் நலமுள்ள கண்ணில் அது நிறமற்றுத் தெளிவாக இருக்கும். குறுக்களவு 11 அல்லது 12 மில்லிமீற்றர். நடுப்பகுதியின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். ஒளி இதனூடாகவே கண்ணுக்குட் செல்கிறது. கண்ணுக்குள் வரும் ஒளிக்கதிரை வளைக்கும் வேலையிலும் மூன்றில் இரு பங்கை இதுவே செய்கிறது.

ஒளி தடையின்றிச் செல்லவேண்டும் என்பதனாற் படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. முன்னாலுள்ள கண்ணீரிலிருந்தும் பின்னாலுள்ள நீரிலிருந்துமே அது தனக்கு வேண்டியவற்றைப் பெறுகிறது. இரத்தக் குழாய்கள் இல்லையெனினும் நரம்பு நுனிகளோ மிகப் பல. உடலின் மேற்பரப்பில் இவ்வளவு நெருக்கமாக நரம்புகள் அமைந்த இடம் வேறில்லை. ஒரு தூசு விழுந்தாலும் கண் தானே மூடிக்கொள்வதும், நீர் வடிவதும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமற் போவதும் இதனாலேயே. சிறிய கீறலுக்குப் பெரிய வேதனை என்பது கண்ணைக் காக்க இயற்கை வைத்த காவல்.

படலத்தின் மேற்பரப்பில் ஐந்து முதல் ஏழு வரிசைக் கலங்களாலான மெல்லிய தோல் உண்டு. இதனை மேலணி என்பர். இதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கே. இதற்குக் கீழே பௌமனின் படை என்னும் உறுதியான தகடும், அதன் கீழே படலத்தின் பெரும் பகுதியாகிய நடுப்படையும் உள்ளன. நாம் கீறல் என்று சொல்வதிற் பெரும்பாலானவை மேலணி மட்டும் உரிந்துபோனவை. மேலணி உரிந்தால் வடுவின்றி ஆறும். பௌமனின் படையையும் கடந்து காயம் உள்ளே சென்றால் ஆறும்போது வடு உண்டாகும். அந்த வடுவையே மக்கள் பூ என்கின்றனர்.

மேலணி ஆறும் விரைவு வியப்புக்குரியது. கீறல் பட்ட சில மணி நேரத்திலேயே அண்டையிலுள்ள கலங்கள் தட்டையாகி, உரிந்த இடத்தை நோக்கி நகரத் தொடங்குகின்றன. கருவிழியும் வெள்ளை விழியும் சந்திக்கும் விளிம்பிலிருந்து புதிய கலங்கள் பிறந்து வருகின்றன. சிறிய கீறல் ஒரு நாளிலும், பெரியது இரண்டு மூன்று நாளிலும் மூடிவிடுகிறது. ஆகவே மருத்துவனின் வேலை கீறலை ஆற்றுவதன்று. அது தானே ஆறும்வரை கிருமி புகாது காப்பதே.

தோட்டத்திற் கண்ணுக்கு வரும் இடர்கள்

மலைநாட்டில் இவ்விடர் மிகுதியாவதற்குக் காரணங்கள் தெளிவானவை. தேயிலைச் செடி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டப்படுகிறது. வெட்டும்போது வாதுகள் தெறிக்கும். வெட்டிய பின் செடி முழுதும் கூரிய குச்சிகளாக நிற்கும். சரிவான நிலத்திற் கால் வழுக்கினால் முகம் அக்குச்சிகளின்மேல் விழும். கவ்வாத்துக்கு முந்திய காலத்திற் செடி உயர்ந்து, கொழுந்தெடுக்கக் குனிவோரின் முகத்துக்கு நேரே நிற்கும். மானாப் புல்லின் ஓரம் கத்திபோன்றது. கத்தி தீட்டும்போது இரும்புத் துகள் பறக்கும். விறகு பிளக்கையிற் சிராய் பாயும். நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் மண்ணும் உரத்தூளும் காற்றோடு கண்ணிற் படும். பிள்ளை மடுவத்திற் குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாயின் கண்ணை அக்குழந்தையின் நகமே கீறிவிடுவதும் உண்டு.

இவற்றுட் செடிகொடிகளால் வரும் கீறலுக்குத் தனியான அபாயம் ஒன்று உண்டு. ஈரமான இலையிலும் மண்ணிலும் பூஞ்சணங்கள் வாழ்கின்றன. மேலணி முழுமையாக உள்ளவரை அவை உட்புக இயலாது. உரிந்தால் வழி திறந்துவிடும். மதுரையிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் விழிவெண்படலப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் 284 பேர், அதாவது நூற்றுக்கு 65 பேர், முன்பு கண்ணிற் காயம் பட்டவர்கள். கிருமி கண்டறியப்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பற்றீரியாவும், ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பூஞ்சணமும் காரணமாயிருந்தன.

பதினெட்டு மணி நேரம்

கீறல் புண்ணாகாமற் காக்க எவ்வளவு நேரம் உண்டு? இக்கேள்விக்கு நேபாளத்தின் பக்தபூர்ப் பகுதியிற் செய்யப்பட்ட ஆய்வொன்று தெளிவான விடை தந்தது. 2001ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்விற் கிராமத்துச் சுகாதாரத் தொண்டர்களே பயிற்சி பெற்று, கண்ணிற் கீறல் பட்ட 442 பேருக்குக் குளோரம்பெனிக்கோல் 1 சதவீதக் களிம்பை நாளுக்கு மூன்று முறையாக மூன்று நாள் இட்டனர். காயம்பட்டு 18 மணி நேரத்துக்குள் வந்தோர் 284 பேர். அவர்களில் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்த 109 பேரில் 4 பேருக்குப் புண் உண்டாயிற்று. அதற்கும் பிந்தி, இரண்டாம் நாளில் வந்த 49 பேரில் 14 பேருக்கு உண்டாயிற்று. மருந்திடாத ஒரு குழுவோடு ஒப்பிட்ட ஆய்வன்று இது. ஆயினும் காலம் தாழ்த்துவதன் விலையை இவ்வெண்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

காலை பத்து மணிக்கு மலையிற் கீறல் பட்டால், மறுநாள் விடியற்காலை நாலு மணிக்குப் பதினெட்டு மணி நேரம் நிறைந்துவிடுகிறது. அதாவது, அடுத்த நாட் பெரட்டுக் கூடுவதற்கு முன்பே நல்ல காலம் கழிந்துவிடுகிறது. “நாளைக்குப் பார்ப்போம்” என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை.

2022இல் வெளியான வேறொரு நேபாள ஆய்வையும் குறிப்பிடுதல் நேர்மை. ஊர்தோறும் தொண்டர்களை அமர்த்தி இம்முறையைப் பரந்த அளவிற் செய்து பார்த்தபோது, ஊர் முழுவதையும் சேர்த்து நோக்குமிடத்துக் கண்புண்களின் தொகை குறைந்ததாகத் தெரியவில்லை. இதனை நான் விளங்கிக்கொள்வது இவ்வாறு: களிம்பு அலுமாரியில் இருந்தாற் போதாது, கீறல் பட்டவர் காலத்தோடு அதனிடம் வந்து சேரவும் வேண்டும்.

வைத்தியர் பார்ப்பது எவ்வாறு

கீறல் வெறுங் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. அதனைக் காட்டுவது புளோரசீன் என்னும் மஞ்சட் சாயம். 1871ஆம் ஆண்டில் ஜெர்மன் இரசாயன அறிஞர் அடோல்ப் வொன் பேயர் இதனை முதன்முதலிற் செய்தார். ஒரு துளி சாயத்தைக் கண்ணில் இட்டு நீல ஒளியைப் பாய்ச்சினால், மேலணி உரிந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். பெரிய வைத்தியசாலைகளில் உள்ள பிளவு விளக்கு என்னும் உருப்பெருக்கும் கருவி, காயத்தின் ஆழத்தையும் காட்டும். இக்கருவியை 1911இல் அமைத்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் அல்வர் குல்ஸ்ட்ரண்ட். சிற்றாஸ்பத்திரியிலோ ஒரு சாயத் தாளும் நீல மூடியிட்ட கைவிளக்குமே பெரும்பாலும் போதுமானவை.

மேலிமையைப் புரட்டிப் பார்ப்பதும் இன்றியமையாதது. இமையின் உட்புறத்தில் ஒட்டிய துகள், கண்ணை மூடித் திறக்குந்தோறும் படலத்தை உராயும். பச்சைச் சாயம் மேலிருந்து கீழாகப் பல கோடுகளைக் காட்டினால், குற்றவாளி இமையின்கீழ் ஒளிந்திருக்கிறது என்பது பொருள். துகளை எடுத்தாலன்றிக் களிம்பினாற் பயனில்லை.

செய்யத்தக்கன

கண்ணிலே தூசோ கீறலோ பட்டவுடன் கைகளைக் கழுவுக. தூய நீரினாற் கண்ணை மெல்லக் கழுவுக. நீருக்குட் கண்ணை இமைப்பதும் நன்று. கண்ணைக் கசக்குதல் கூடாது. பின் அன்றைக்கே மருந்தகத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ செல்க. களிம்பு தந்தால், நோவு நின்றுவிட்டாலும், சொன்ன நாள்வரை இடுக. நோவுக்குப் பரசிற்றமோல் குளிசை உதவும். மறுநாள் திரும்பவும் கண்ணைக் காட்டுக. நோவு கூடினாலும், பார்வை மங்கினாலும், சீழ் வடிந்தாலும், வெண்புள்ளி தோன்றினாலும் தாமதியாது கண் வைத்திய நிபுணர் உள்ள வைத்தியசாலைக்குச் செல்க.

முற்காலத்திற் கீறல் பட்ட கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்டிவிடுவது வழக்கம். நானும் பலருக்கு அவ்வாறு கட்டியவனே. கட்டுவதாற் கீறல் விரைவில் ஆறுவதில்லை என்றும், நோவு குறைவதில்லை என்றும் பின்னர் வந்த பல ஆய்வுகள் காட்டின. செடியினாலோ ஒட்டுவில்லையினாலோ பட்ட கீறலைக் கட்டி மூடுவது கிருமிக்குச் சூடும் இருளும் கொடுப்பதாகும்.

சுண்ணாம்பு, உரம், பூச்சிமருந்து முதலியவை கண்ணிற் பட்டால் விதி வேறு. அங்கே மணிகள் அல்ல, நொடிகளே கணக்கு. கிடைத்த நல்ல நீரை உடனே எடுத்து, இமையைத் திறந்து பிடித்து, அரை மணி நேரம் தொடர்ந்து கழுவிய பின்னரே ஆஸ்பத்திரிக்குப் புறப்படவேண்டும். இதற்கு மாறாக, இரும்புத் துண்டோ முள்ளோ கண்ணைத் துளைத்ததாகச் சந்தேகம் இருந்தாற் கழுவவும் அழுத்தவும் கூடாது. களிம்பும் இடல் ஆகாது. குத்தி நிற்பதைப் பிடுங்கலும் ஆகாது. கண்ணில் அழுத்தாதவாறு ஒரு கிண்ணத்தால் மூடி நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

செய்யத்தகாதன

கண்ணிலே தாய்ப்பால் பீய்ச்சுதல், நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிதல், நாவினாலோ சேலைத் தலைப்பினாலோ துகளை எடுத்தல் ஆகியவை அன்பினாற் செய்யப்படுவன. முன்னோரை இகழ்ந்து இதனைச் சொல்லவில்லை. ஆனால் உரிந்த படலத்துக்கு இவை புதிய கிருமிகளைக் கொண்டுவரக்கூடும்.

இவற்றினும் கொடியவை இரண்டு. ஒன்று, ஸ்ரீரொயிட் கலந்த சொட்டு மருந்தை வைத்தியர் சொல்லாமல் இடுதல். அது சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும். கூடவே கிருமியை எதிர்க்கும் உடலின் ஆற்றலையும் அடக்கும். வெளியிலே நெருப்பு அணைந்ததுபோலத் தோன்றும். உள்ளே பூஞ்சணம் தடையின்றி வளரும். நான் மேலே சொன்ன தாயின் கண்ணில் நிகழ்ந்தது இதுவே. பூஞ்சணப் புண்ணுக்கு நட்டமைசின் போன்ற தனி மருந்தைப் பல வாரங்கள் இடவேண்டியிருக்கும். மற்றது, விறைப்பு மருந்தைத் தொடர்ந்து இடுதல். துகளை எடுப்பதற்காக வைத்தியர் ஒருமுறை இடுவார். நோவு மந்திரம்போல மறையும். அதையே கேட்டு வாங்கி வீட்டில் இட்டுவந்தால் மேலணி ஆறாது, படலமே உருகிப்போகும்.

ஆறிய பின் மீண்டும் நோவது

சிலருக்குக் கீறல் ஆறிச் சில வாரங்களோ மாதங்களோ சென்றபின், ஒருநாட் காலையிற் கண் விழிக்கும்போதே முள் குத்தியதுபோன்ற நோவு உண்டாகும். “யாதும் படவில்லையே, இது என்ன மாயம்?” என்று திகைப்பர். மாயம் ஒன்றுமில்லை. மேலணி மூடுவது இரண்டு நாள் வேலை. அது கீழ்ப்படையோடு உறுதியாகப் பிணைவது பல வார வேலை. பிணைப்புக் குறைந்த இடத்தில், உறக்கத்திற் கண் வறண்டு இமை ஒட்டிக்கொள்ள, விழித்தவுடன் இமை மேலணியையும் சேர்த்து இழுத்து உரித்துவிடுகிறது. நகம், காகிதம், மரக்கிளை ஆகியவற்றாற் பட்ட கீறல்களே பெரும்பாலும் இவ்வாறு திரும்ப வருவன.

இதற்குச் சிகிச்சை உண்டு. இரவில் வழவழப்பான களிம்போ 5 சதவீத உப்புக் களிம்போ சில மாதங்கள் இடுவதும், பகலிற் செயற்கைக் கண்ணீர் இடுவதும் முதற்படி. விழித்தவுடன் கண்ணைச் சட்டென்று திறவாமல், மூடிய இமைக்குட் கண்ணை மெல்ல உருட்டியபின் திறப்பதும் உதவும். இவற்றால் அடங்காதபோது, காப்பு வில்லை அணிவித்தும், தளர்ந்த மேலணியை நீக்கியும், லேசர் ஒளியாற் பரப்பைச் செப்பனிட்டும் நிபுணர்கள் குணப்படுத்துகின்றனர்.

பூ விழுந்த கண்ணுக்கு

வடு நடுவில் விழுந்து பார்வை மறைந்தால் எஞ்சிய வழி, இறந்தவர் ஒருவரின் விழிவெண்படலத்தைப் பொருத்துவதே. இச்சிகிச்சை முதன்முதல் வெற்றி கண்டது 1905ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள். இன்றைய செக் நாட்டிலுள்ள ஒலொமௌற்ஸ் நகரில் எடுவர்ட் சிர்ம் என்னும் வைத்தியர் அதனைச் செய்தார். பார்வை பெற்றவர் அலோயிஸ் குளோகர் என்னும் கூலித் தொழிலாளி. சுண்ணாம்பு பட்டுக் கண் இழந்தவர். உலகின் முதல் மாற்றுப் படலம் ஓர் ஏழைத் தொழிலாளியின் கண்ணிலேயே ஒளியேற்றியது என்பது நினைக்கத்தக்கது.

நமது நாடு இத்துறையிற் கொடை வள்ளல் எனப் பெயர் பெற்றது. வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் 1964இற் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது முதலாக, பல நாடுகளுக்கு ஆயிரக்கணக்கான விழிவெண்படலங்களை வழங்கியுள்ளது. பிற நாட்டாருக்குக் கண் கொடுக்கும் நாட்டிலே, தேயிலைக் குச்சியாற் பட்ட ஒரு கீறலுக்குக் காலத்தில் களிம்பு இடாமல் ஒருவர் கண் இழப்பது நமக்கு அழகாகுமா?

நம் கல்லூரியிற் பயின்றோர் பலர் மலைநாட்டில் வைத்தியராகவும், ஆசிரியராகவும், தோட்ட உத்தியோகத்தராகவும் பணி செய்துள்ளனர், இன்றும் செய்கின்றனர். அவர்களிடம் மூன்று காரியங்களை வேண்டுகிறேன். கவ்வாத்து வெட்டுவோருக்கும் கத்தி தீட்டுவோருக்கும் காப்புக் கண்ணாடி கிடைக்கச் செய்யுங்கள். மூடுபனியிற் கண்ணாடி மங்குமாயிற் கம்பிவலைக் காப்பேனும் கிடைக்கச் செய்யுங்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு மணிக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் அதனை லயத்துக்குக் கொண்டுசெல்வர். மூன்றாவதே முதன்மையானது: கண்ணிற் காயம் பட்டு வேலையை விட்டு வருபவருக்கு அன்றைக்கு முழுப் பேர் போடச் செய்யுங்கள்.

கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது பழமொழி. அந்தத் தாய் அறியாமையால் மட்டும் நான்கு நாள் காத்திருக்கவில்லை. அரை நாட் கூலி இழந்தால் அன்றைய அடுப்புக்கு என்ன செய்வது என்று அவர் அறிந்திருந்தார், அதனாலேயே காத்திருந்தார். ஒரு கண்ணின் விலை அரைப் பேர் ஆகிவிடாமற் காப்பது வைத்தியரால் மட்டும் ஆகும் காரியமன்று.